வைத்தியர் கிறீன் இட்ட முடிச்சு

மானிப்பாய்க்கு அண்மையிலுள்ள எங்கள் வளவின் வேலியை ஆண்டுதோறும் மாரிக்கு முன்னரே அடைத்து முடிப்பது என் தந்தையாரின் வழக்கம். அவர் ஒழுங்கையில் வெளிப்புறமாக நிற்பார். நான் உட்புறத்தில் நிற்பேன். கதியால்களின் மீது சாத்திய ஓலையை ஊடுருவிக் குத்தூசி என் பக்கம் எட்டிப் பார்க்கும். அதன் காதிலே நனைத்த நாரைக் கோத்து விடுவேன். அவர் இழுத்து, வரிச்சோடு சேர்த்து இறுக்கி முடிச்சிடுவார். பன்னிரண்டு வயதில் ஒருநாள் நானும் முடிச்சிடுகிறேன் என்று பிடிவாதம் பண்ணினேன். நாலு முழ நீளத்தை என்னிடம் விட்டுவிட்டு அவர் அப்பால் நகர்ந்தார். அவ்வாண்டு வாடைக்காற்று எழுந்தபொழுது வேலி முழுவதும் நின்றது. என் நாலு முழம் மாத்திரம் ஓலையை உதிர்த்துவிட்டுப் பல்லிளித்தது.

தந்தையார் கோபிக்கவில்லை. மீண்டும் என் முன்னே மெல்ல முடிந்து காட்டினார். ஆனால், அவர் முடிச்சு ஏன் நிற்கிறது, என் முடிச்சு ஏன் நெகிழ்கிறது என்று நான் வினவியபோது அவருக்கு விடை கூறத் தெரியவில்லை. கைக்குத் தெரியும் என்பதே அவருடைய மறுமொழியாயிருந்தது. கை அறிந்ததை நா அறியாதிருத்தல் கூடும் என்பதை அன்று நான் முதன்முதலாகக் கண்டேன்.

ஆண்டுகள் சில கழிந்தன. 1978-ல் தொடங்கப்பெற்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நானும் ஒரு மாணவனானேன். சத்திரசிகிச்சை கற்பித்த ஆசிரியர் ஒருவர் கரிய பட்டு நூலொன்றைக் கதிரைக் கைப்பிடியிற் சுற்றி முடிச்சிடுமாறு எங்களைப் பணித்தார். முடிந்தேன். இரு விரலால் அவர் அதனை அசைத்தவுடன் முடிச்சு வழுக்கிக் கழன்றது. மாரிக்காலத்து வேலி என் கண்முன் வந்து நின்றது.

அவர் காரணத்தை விளக்கினார். முதற் சுற்றில் வலப்புற இழை இடப்புற இழைக்கு மேலாகச் சென்றால், இரண்டாஞ் சுற்றில் இடப்புற இழை வலப்புற இழைக்கு மேலாகச் செல்லல் வேண்டும். இரண்டும் எதிரெதிர்த் திசையிற் சென்றால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முடிச்சுத் தட்டையாகப் படியும். இரண்டும் ஒரே திசையிற் சென்றால் முடிச்சுக் குறுக்காக நிற்கும். பார்வைக்கு இறுக்கமாய் இருந்தும் இழுவை வந்தவுடன் வழுக்கிவிடும். இரண்டாஞ் சுற்றை இடுவதற்குள் முதற் சுற்று நெகிழாதிருக்க வேண்டுமாயின் அதனை ஒரு முறைக்கு இருமுறை முறுக்கிக்கொள்ளலாம். இரு முனைகளையும் ஒத்த வலிவோடு இழுக்க வேண்டும். கட்டிய குழாயை மேலே தூக்கலாகாது. தளர்ந்தால் குருதி பெருகும். மிக இறுகினால் நூலே குழாயை அறுத்துவிடும். இவ்வளவையும் அவர் ஆங்கிலத்திற் சொன்னார். நாங்களும் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டோம். பின்னர்ப் பல வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டும், சவர்க்கார நீரில் நூலை நனைத்தும், ஆழமான குவளையின் அடியிலும் முடிந்து முடிந்து பழகினேன். கை தேறிவிட்டது.

நா தேறவில்லை. பயிற்சிக் காலத்தில் ஓர் இளைஞனுக்கு நடந்த சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அவனுடைய தாயார் விறாந்தையில் என்னை மறித்தார். மகனின் உடம்பில் எதைக் கட்டினீர்கள், அந்த நூல் உள்ளேயே கிடக்குமோ, கழன்றுவிடாதோ என்று கேட்டார். நியாயமான வினாக்கள். விடைகள் யாவும் என் தலைக்குள் இருந்தன. ஆயினும், அவை ஆங்கில உடையிலன்றி வெளியே வர மறுத்தன. ஏதோ இரண்டு சொற்களை மென்று விழுங்கிவிட்டு அப்பாற் சென்றேன். அந்த அம்மையார் மேலும் ஒன்றும் கேளாமல் என்னைக் கும்பிட்டார். அக்கும்பிடு என்னைச் சுட்டது.

இதனை அன்றிரவு முதிய உறவினர் ஒருவரிடம் கூறியபொழுது அவர் எழுந்து சென்று, பெட்டகத்திலிருந்து செல்லரித்த பெருநூல் ஒன்றைக் கொணர்ந்து என் மடியில் வைத்தார். அது 1867-ல் வெளிவந்த இரண வைத்தியம் என்னும் நூல். துறுவிட் என்னும் ஆங்கிலச் சத்திரவைத்தியர் இயற்றிய நூலின் தமிழாக்கம். புண்ணும், முறிவும், குருதிப் பெருக்கும், குழாயைக் கட்டும் முறையும் அங்கே தமிழிலே பேசப்பட்டிருந்தன. நான் பிறப்பதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், தமிழ்ப் பிள்ளைகள் சத்திரவைத்தியத்தைத் தமிழிற் கற்றிருந்தனர்! அவர்களுக்கு அதனைக் கற்பித்தவர் அமெரிக்க நாட்டினராகிய வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். மானிப்பாயில் அவர் பெயரால் விளங்கும் வைத்தியசாலையின் வாயிலை எத்தனையோ முறை கடந்து சென்றிருக்கிறேன். அந்தப் பெயருக்குரியவரை அன்றுதான் அறிந்தேன்.

கிறீன் 1822-ம் ஆண்டு அக்டோபர் 10-ம் நாள், மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையிற் பிறந்தார். அந்த ஆண்டு நமக்கு வேறொரு வகையிலும் நினைவிற்கொள்ளத் தக்கது. அதே 1822-ன் டிசம்பரில் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். உலகின் இரு கோடிகளிற் பிறந்த இவ்விருவரும் பின்னர் ஒரே குடாநாட்டில், சமயத்தால் எதிரெதிர் நின்று, ஒரே மொழியின் உரைநடைக்கு உரமிட நேர்ந்தது காலத்தின் விந்தை.

கிறீனின் குடும்பம் பெரியது. அவருக்கு இரண்டாண்டு மூத்தவரான அந்துரு ஹாஸ்வெல் கிறீன் நியூயோர்க் நகரின் நிருவாகத்தில் ஓங்கிய பெயர் பெற்றவர். அங்குள்ள மத்திய பூங்காவை உருவாக்கியதிலும், 1898-ல் தனித்தனி நகரங்களாயிருந்தவற்றை ஒன்றாகப் பிணைத்துப் பெரிய நியூயோர்க்கை அமைத்ததிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. தம்பியாருக்கும் அந்நாட்டிலேயே செல்வமும் செல்வாக்கும் தேடிக்கொள்ளும் வழி திறந்தே இருந்தது. அவரோ 1845-ல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றதும் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கீழ்நாடு செல்லத் துணிந்தார்.

அது மருத்துவ உலகில் பெரியதொரு திருப்பம் நிகழ்ந்த காலம். 1846-ம் ஆண்டு அக்டோபரில் பொஸ்டன் நகரில் ஈதர் என்னும் ஆவியால் நோயாளியை உணர்விழக்கச் செய்து அறுவை நடத்திக் காட்டினர். அதற்கு முன்னர் நோயாளியை நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, சில நிமிடங்களுக்குள் அறுத்து முடிப்பவரே சிறந்த சத்திரவைத்தியர் எனப்பட்டார். வலி நீங்கியது, ஆனால் சீழ் நீங்கவில்லை. கிருமியே சீழுக்குக் காரணம் என்பதை அக்காலத்தார் அறியார். குழாயைக் கட்டிய நூலின் ஒரு முனையைப் புண்ணுக்கு வெளியே நீளமாகத் தொங்கவிடுவர். நாட்கள் பல சென்றபின் அது இற்றுக் கழன்று வரும். அவ்வாறு வரும்பொழுது குழாய் மூடியிராவிட்டால் குருதி மீண்டும் பீறிடும். முதல் நாள் தப்பிய நோயாளி பத்தாம் நாள் இறப்பதும் உண்டு. முடிச்சு நன்றாக இருந்தாலும் உயிர் நிலைக்கும் என்ற உறுதி இல்லாத காலம் அது.

அத்தகைய காலத்தில், இருபத்தைந்து வயதை எட்டும் இளைஞராய்ப் பல மாதக் கப்பற் பயணத்தின் பின் கிறீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். அமெரிக்க மிஷனார் இக்குடாநாட்டிற் பணி தொடங்கி அப்பொழுது முப்பதாண்டு கடந்திருந்தது. வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், அவருக்குப் பின் வைத்தியர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் மருந்து கொடுத்திருந்தனர். கிறீனும் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848-ல் மானிப்பாய்க்கு மாறினார். அதன் பின் மானிப்பாயே அவர் ஊர்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியம் இல்லாதிருந்ததென்று எண்ணிவிடலாகாது. பரராசசேகரம், செகராசசேகரம் முதலிய நூல்களைக் கற்றுப் பரம்பரையாக வைத்தியம் பார்த்த குடும்பங்கள் இங்கே இருந்தன. கிறீன் அவர்களைத் தக்கவாறு மதித்தார் என்று சொல்வதற்கில்லை. மேல்நாட்டு மருத்துவமே மெய்யானது என்ற உறுதியோடும், தம் சமயமே வழி என்ற நம்பிக்கையோடும் அவர் வந்தார். மருந்தோடு வேதமும் கொடுத்தார். சைவ மக்கள் பலர் மருந்தை ஏற்று வேதத்தை மறுத்தனர். 1847-ம் ஆண்டு முடிவிலேயே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தம் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார் என்பதை நினைத்தால், கிறீன் எத்தகைய சூழலில் வந்திறங்கினார் என்பது விளங்கும்.

தனியொருவர் ஆயிரமாயிரம் நோயாளிகளைப் பார்த்துவிட முடியாது என்பதை அவர் விரைவிலே உணர்ந்தார். வந்து ஓராண்டு நிறையுமுன்னரே சில தமிழ் இளைஞரைச் சேர்த்து மருத்துவங் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் மேல்நாட்டு மருத்துவக் கல்வி அதன் பின்னரே அரசாங்கத்தால் நிறுவப்பட்டது. கொழும்பு மருத்துவப் பாடசாலை திறக்கப்பட்டது 1870-ல் என்பதை இங்கே ஒப்புநோக்குக. அரசாங்க அதிபராயிருந்த டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரிலும் ஒரு வைத்தியசாலை எழுந்தது. அதற்கும் மானிப்பாய் மாணவர் உதவினர்.

தொடக்கத்தில் பாடமொழி ஆங்கிலம். வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலம் கற்றுத் தேறிய கூர்மையான பிள்ளைகள் வந்தனர், நன்றாகவும் படித்தனர். ஆனால், கிறீன் ஒன்றைக் கவனித்தார். ஆங்கிலத்தில் மருத்துவங் கற்றவன் கிராமத்தில் தங்குவதில்லை. சம்பளமும் பதவியும் உள்ள இடத்தை நாடி அவன் போய்விடுகிறான். கிராமத்துத் தாய் பிரசவ வேதனையில் துடிக்கும்பொழுது அவன் எங்கோ தூரத்து நகரில் அரசாங்க உத்தியோகம் பார்க்கிறான். ஆதலின், ஊரிலேயே இருக்கக்கூடிய வைத்தியன் வேண்டுமாயின் அவன் ஊர் மொழியிலேயே கற்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

முடிவு எளிது, நிறைவேற்றல் அரிது. பாடம் சொல்லத் தமிழ் நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். கிறீன் தமிழை முறையாகக் கற்றார். 1850-களிலேயே உடற்கூறு பற்றியும் பிரசவ வைத்தியம் பற்றியும் தமிழ் நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. கலைச்சொல் ஆக்கத்தில் அவர் ஓர் ஒழுங்கைக் கைக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுவது. அகப்படாவிடில் வடமொழியை நாடுவது. அங்கும் பொருத்தமானது இல்லையாயின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இயைய எழுதிக்கொள்வது. அங்காதிபாதம், சுகரணம் என்னும் பெயர்களும், இரசாயனத்துக்கு அவர் இட்ட கெமிஸ்தம் என்னும் பெயரும் அவ்வாறு வந்தவை. இவற்றுட் பல இன்று நம் காதுக்குப் புதிராக ஒலிக்கின்றன. தமிழ்ச்சொல் இருக்க வடசொல்லை ஏன் எடுத்தார் என்று இன்றைய மாணவர் கேட்கலாம், கேட்பது முறையே. ஆயினும், பாதையே இல்லாத காட்டில் முதலில் நடந்தவனுடைய அடிச்சுவடு கோணலாக இருக்கிறதென்று பின்னே வண்டியில் வருபவன் நகைத்தல் தகுமா?

1857-ல் அவர் ஓய்வுக்காகத் தாய்நாடு புறப்பட்டார். 1862-ல் மார்கரெற் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து அவருடன் மானிப்பாய்க்கு மீண்டார். 1864-ல் தமிழ்மொழி வாயிலான மருத்துவ வகுப்புத் தொடங்கிற்று. உலகில் வேறெங்கும் அன்றுவரை நடவாத செயல் என்று நான் துணிந்து கூறமாட்டேன். தமிழுலகில் நடவாத செயல் என்று தயங்காது கூறுவேன்.

அந்த வகுப்பு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, 1866-லும் அடுத்த ஆண்டிலும், யாழ்ப்பாணத்தை வாந்திபேதி நோய் வாரிக்கொண்டு போயிற்று. ஊர் ஊராகப் பிணம் விழுந்தது. கிறீனும் அவரிடம் கற்றவர்களும் மருந்தோடு வீடு வீடாகச் சென்றனர். நோய் தெய்வக் குற்றத்தால் வந்தது என்று நம்பிய மக்களிடம், நீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்பது போன்ற எளிய அறிவுரையை ஆங்கிலத்திற் சொல்லிப் பயன் என்ன? அயலவன் வாயிலிருந்து, அவர்கள் பேசும் மொழியில் அது வரவேண்டும். தமிழ் வகுப்பின் பயனை அந்தக் கொடிய காலம் கண்கூடாகக் காட்டியிருக்கும்.

இரண வைத்தியம் அச்சேறியது அந்த 1867-ல். டான்வர்த் முதலான அவருடைய தமிழ் மாணாக்கரே மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணை நின்றனர். அதே ஆண்டில்தான் ஸ்கொத்லாந்தில் யோசேப்பு லிஸ்ரர், கார்போலிக் அமிலத்தாற் புண்ணின் சீழைத் தடுக்கும் முறையை உலகுக்கு அறிவித்தார். அது பரவிய பின்னரே நூல் முனையை வெளியே தொங்கவிடும் வழக்கம் ஒழிந்தது. முடிச்சை நறுக்கி உள்ளேயே விட்டுப் புண்ணை மூடத் துணிந்தனர். அந்தத் தாயார் என்னிடம் கேட்ட வினாவின் விடை இந்த வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

1872-ல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் வெளிவந்தன. முன்னையது, இன்றும் மருத்துவ மாணவர் கையில் இருக்கும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். கிறீனிடம் கற்று வைத்தியரானோர் அறுபதுக்கு மேற்பட்டவர். அவர்கள் மேல்நாட்டு உடையணிந்து துரைமாராய் உலாவுவதை அவர் விரும்பவில்லை. தமிழர் கிறிஸ்தவராக வேண்டும் என்று விரும்பியவர்தாம் அவர். ஆயினும் ஐரோப்பியராக வேண்டும் என்று ஒருபோதும் விரும்பினாரல்லர். தம் சமயத்தில் அவருக்கிருந்த பற்றை ஏற்காதாரும் இந்தக் கொள்கையைப் போற்றாமல் இருக்க முடியாது.

உடல்நலம் குன்றியமையால் 1873-ல் கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். பலர் அத்துடன் கடமை முடிந்ததென்று இளைப்பாறியிருப்பர். அவரோ வூஸ்டர் பண்ணையில், பனி பெய்யும் சாளரத்தருகே அமர்ந்து, தமிழ்த் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்புகள் கப்பலேறி மானிப்பாயிலிருந்து அமெரிக்கா சென்றன. திருத்தப்பட்டு மீண்டும் கப்பலேறி வந்தன. 1875-ல் கெமிஸ்தமும், 1883-ல் மனுஷ சுகரணமும் அவ்வாறு வெளிவந்தவை. ஒரு முனை வூஸ்டரிலும் மறுமுனை மானிப்பாயிலுமாகப் பதினோராண்டு அந்த நூல் அறாமல் இருந்தது. 1884-ம் ஆண்டு மே 28-ம் நாள் அவர் காலமானார். தமிழருக்கு வைத்தியமும் வேதமும் கொண்டு சென்றவர் என்பதை மாத்திரமே தம் கல்லறைக் கல்லிற் பொறிக்க வேண்டுமென்று அவர் கேட்டிருந்தார். பிறந்த நாட்டில் அமையும் கல்லுக்கு அந்நாட்டார் அறியாத ஓர் இனத்தின் பெயரையே அவர் தேர்ந்துகொண்டார்.

அவர் சென்றபின் நிகழ்ந்ததையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். தமிழ் மருத்துவ வகுப்பு நிலைக்கவில்லை. அரசாங்க அங்கீகாரமும் உத்தியோகமும் ஆங்கிலத்தின் பின்னே நின்றன. கொழும்புப் பாடசாலையை நோக்கி மாணவர் சென்றனர். மகன் நன்றாக வாழவேண்டும் என்று எண்ணிய பெற்றோரைக் குறைகூற எனக்கு வாயில்லை. என் பெற்றோரும் அவ்வாறே எண்ணினர். நூல்கள் பெட்டகங்களுக்குட் புகுந்தன. கவிஞர் அம்பி போன்ற சிலர் இருபதாம் நூற்றாண்டில் அவற்றின் தூசியைத் தட்டி, இவற்றை இயற்றுவித்தவரை நமக்கு நினைவூட்டினர்.

ஆகவே, கிறீன் இட்ட முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். இப்பொழுது வேறுவிதமாக எண்ணுகிறேன். என் தந்தையாரிடம் கை இருந்தது, காரணம் இல்லை. என் ஆசிரியரிடம் காரணம் இருந்தது. அது என் தாய் அறியாத மொழியில் இருந்தது. இவ்விரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கொணர்ந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்க முயன்றவர் கிறீன். அவர் முதற் சுற்றை இட்டார். இரண்டாஞ் சுற்று நம்மவர் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். அது வராமையால் நெகிழ்ந்ததேயன்றி, முதற் சுற்றிற் பிழையில்லை.

இரண வைத்தியத்தைப் படித்து முடித்த சில நாட்களில் அந்த இளைஞனின் கட்டிலருகே சென்றேன். தாயார் எழுந்து நின்றார். அமரச் சொல்லிவிட்டு, பையிலிருந்த நூல் துண்டைக் கட்டிற் கம்பியிற் சுற்றி, முதற் சுற்றையும் இரண்டாஞ் சுற்றையும் தமிழிற் சொல்லிக்கொண்டே முடிந்து காட்டினேன். உள்ளே கிடக்கும் நூல் தீங்கு செய்யாது என்பதையும், ஏன் செய்யாது என்பதையும் விளக்கினேன். தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். அவர் நூலைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். பின்னர், வேலிக்கு நாங்களும் இப்படித்தானே கட்டுகிறோம் என்று கூறிச் சிரித்தார்.

அதன் பின் முப்பதாண்டுக்கு மேலாகச் சத்திரவைத்தியனாய் இருந்து ஓய்வு பெற்றேன். முடிச்சிடக் கற்க வந்த மாணவர் எவரையும், அதனைத் தமிழில் ஒருமுறை எனக்குச் சொல்லிக் காட்டாமல் நான் அனுப்பியதில்லை.